லோகோவை எம்பிராய்டரி டிசைன் ஆக்குவது: ஆட்டோ பட்டன் போதாதா?

மார்ச் 3, காலை 10.12 · கேள்வி

எங்கள் குழுவுக்குக் கருநீல காலர் டி-ஷர்ட். இடது மார்பில் 9 செ.மீ. அகலத்தில் லோகோ வர வேண்டும். ஒரு வெள்ளை வட்டம், அதைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு, வட்டத்துக்குள் நீலத்திலிருந்து பச்சைக்கு மாறும் ஒரு பறவை, கீழே பெயர், அதற்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு வாசகம். படத்தை எம்பிராய்டரி சாஃப்ட்வேரில் போட்டு, அதைத் தானாகவே தையலாக மாற்றும் ஆட்டோ பட்டனைத் தட்டினேன். திரையில் அச்சு அசலாக அதே லோகோ. தைத்துப் பார்த்தால் வட்டம் முட்டையாகிவிட்டது. கறுப்புக் கோடு ஒரு பக்கம் வட்டத்தின் மேல் ஏறியும் மறுபக்கம் விலகியும் நிற்கிறது. வாசகத்தைப் படிக்கவே முடியவில்லை. சுற்றிலும் துணி சுருங்கியிருக்கிறது. பறவையின் இறகில் வந்தால் மட்டும் நூல் திரும்பத் திரும்ப அறுகிறது. மெஷின் கோளாறா, சாஃப்ட்வேர் கோளாறா? ஒரு நிமிடத்தில் மாற்றித் தரும் பட்டன் இருக்கும்போது மணிக்கணக்கில் உட்கார்ந்து கையால் பஞ்சிங் செய்கிறவர்கள், அதாவது தையல் எங்கே விழ வேண்டும் என்று குறிக்கிறவர்கள், ஏன் இன்னும் இருக்கிறார்கள்?

மார்ச் 3, மாலை 6.40 · பதில்

முட்டை நிற்கிறதா, படுத்திருக்கிறதா?

மார்ச் 3, இரவு 9.05

நிற்கிறதென்றால் உங்கள் வட்டத்துக்குள் தையல் இடவலமாக ஓடுகிறது. ஃபைலைப் பார்க்காமலே சொல்லலாம்.

ஒவ்வொரு தையலும் ஊசி இறங்கிய இரண்டு ஓட்டைகளையும் ஒன்றை நோக்கி ஒன்றாக இழுக்கிறது. ஒரு தையல் இழுப்பது கண்ணுக்குத் தெரியாது. நூற்றுக்கணக்கில் வரிசை கட்டி இழுக்கும்போது வட்டத்தின் அகலம் குறைகிறது. அதே நேரம் வரிசைகள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளுவதால் உயரம் கூடுகிறது. தையல் போகிற திசையில் குறுகும், அதற்குக் குறுக்கே நீளும். முன்னதைப் புல் (இழுப்பு) என்பார்கள், பின்னதைப் புஷ் (தள்ளல்) என்பார்கள். இரண்டும் சேர்ந்தால் உங்கள் முட்டை.

துணியில் வட்டம் வேண்டுமானால் திரையில் இடவலம் கொஞ்சம் அகன்ற, மேலும் கீழும் லேசாக நறுக்கிய வடிவத்தை வரைய வேண்டும். புல்லுக்கு மட்டும் சாஃப்ட்வேரில் புல் காம்பென்சேஷன் என்று, இழுப்பை ஈடுகட்டும் ஒரு எண் இருக்கும். கெட்டியான நெசவுத் துணிக்கு 0.2 மி.மீ. அளவில் போடுவேன். டி-ஷர்ட் போல இழுபடும் துணிக்கு 0.35 முதல் 0.4 வரை. புஷ்ஷைப் பெரும்பாலும் கையால்தான் சரி செய்ய வேண்டும், முனைகளை உள்ளே இழுத்து.

மெஷின் மேல் பழி போடாதீர்கள். ஃபைலில் எங்கே குத்தச் சொல்லியிருக்கிறதோ அங்கே குத்தியிருக்கிறது. நகர்ந்தது துணி.

மார்ச் 4, காலை 7.30

திரையில் அச்சு அசலாக இருந்ததே என்று மறுபடி கேட்டிருக்கிறீர்கள். திரையில் துணி கிடையாது. நிழலும் பளபளப்பும் சேர்த்து நூல் மாதிரியே காட்டுவார்கள். ஆனால் இழுப்பு, தளர்ச்சி, துணிக்குப் பின்னால் தாங்கலாக வைத்த பேப்பர், ஃப்ரேமில் மாட்டிய விதம் எதுவும் அதில் வராது. வாடிக்கையாளருக்குக் காட்ட அந்தப் படம் உதவும். டிசைன் நன்றாக இருக்கிறதா என்று அதை வைத்து நான் முடிவு செய்வதில்லை. அதே துணியில், அதே நூலில் ஒரு சாம்பிள் தைத்த பிறகுதான் பேச்சு.

மெஷினுக்குப் போகிற ஃபைல் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் பாதி மயக்கம் தீரும். தஜிமா என்ற மெஷின் நிறுவனத்தின் டிஎஸ்டி வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் படம் இல்லை, வட்டம் இல்லை, எழுத்து இல்லை. இங்கிருந்து இத்தனை வலது, இத்தனை மேல், குத்து. இங்கிருந்து இத்தனை இடது, குத்து. அவ்வளவுதான், ஆரம்பம் முதல் கடைசி வரை. கணக்கு 0.1 மி.மீ. அலகில். ஒரு நகர்வில் எந்தப் பக்கமும் 12.1 மி.மீ.க்கு மேல் நகர முடியாது. நிறம்கூட அதில் கிடையாது, ‘இங்கே நூலை மாற்று’ என்ற கட்டளை மட்டும் இருக்கும். படத்திலிருந்து இந்தக் குத்துப் பட்டியல் வரை எத்தனை முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆட்டோ பட்டன் அத்தனையையும் துணி எது என்று கேட்காமலே எடுத்துவிட்டது.

மார்ச் 4, பகல் 1.15

சாஃப்ட்வேரை மூடுங்கள். லோகோவைத் தைக்கப்போகிற அளவிலேயே, 9 செ.மீ. அகலத்தில், காகிதத்தில் அச்செடுத்து ஸ்கேலால் அளந்து பாருங்கள்.

வாசகத்தின் எழுத்து உயரம் எவ்வளவு? ஆங்கிலச் சின்ன ‘a’வின் உள் ஓட்டை எவ்வளவு? கறுப்புக் கோட்டின் தடிமன் எவ்வளவு? சாதாரணமாக ஓடும் 40 எண் நூலின் தடிமனே கிட்டத்தட்ட 0.4 மி.மீ. கோடு 0.3 மி.மீ. இருந்தால் நூலைவிட மெல்லிய கோட்டை நூலால் போடச் சொல்கிறீர்கள்.

என் கணக்கு இது. 40 எண் நூலில் ஆங்கிலப் பெரிய எழுத்து 5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. இன்னும் மெல்லிய 60 எண் நூலும் மெல்லிய 65/9 ஊசியும் போட்டால் 4 வரை இறங்கலாம், துணி வழவழப்பாக இருந்தால். இரண்டு நிறங்களுக்கு நடுவே துணி தெரிய வேண்டுமென்றால் அந்த இடைவெளி குறைந்தது 1 மி.மீ. இருக்கட்டும், இல்லாவிட்டால் மூடிக்கொள்ளும்.

மார்ச் 4, பகல் 2.50

வாசகம் 2.2 மி.மீ. உயரமாம். எடுத்துவிடுங்கள்.

மார்ச் 4, இரவு 10.20

எடுக்க முடியாது, லோகோவை மாற்ற அனுமதி இல்லை என்கிறீர்கள். இதைக் கேட்காத வாரமே கிடையாது. ஒரு நிறுவனத்தில் லோகோவை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்று தடிமனாக ஒரு கையேடே வைத்திருந்தார்கள். நிறக் கலவை, நிழல், பொடி எழுத்து எதையும் தொடக் கூடாதென்று அதில் இருந்தது. வாக்குவாதம் செய்யாமல் இரண்டு விதமாகவும் தைத்தேன், கையேட்டில் உள்ளபடி ஒன்று, நிழலையும் வாசகத்தையும் விட்டுவிட்டு ஒன்று. இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு, கை நீட்டித் தொடும் தூரத்தில் நிற்காமல் நாலு அடி தள்ளி நின்று பாருங்கள் என்றேன். இரண்டாவதைக் காட்டி “இதுதான் நம்ம லோகோ மாதிரி இருக்கிறது” என்றார்கள். முதலாவது கையேட்டின்படி சரியாக இருந்தது, ஆனால் ஏதோ கறை பட்ட மாதிரி தெரிந்தது.

உங்களிடமும் இதையேதான் சொல்வேன். அனுமதி கேட்டு மெயில் அனுப்பாதீர்கள். சாம்பிளை அனுப்புங்கள்.

பறவையின் நிறக் கலவைக்கும் இதே பதில். அச்சில் நீலம் பச்சையாகக் கரைவது மைக்குச் சுலபம். நூலுக்கு ஒவ்வொரு நிறமும் ஒரு தனி கோன், அதாவது தனி நூல்கண்டு. ஒரு நிறத்தை அடர்த்தி குறைத்துப் போட்டு அதன் இடைவெளியில் அடுத்த நிறத்தை ஓட்டிக் கலக்கும் வித்தை உண்டு. முதுகில் பெரிதாக வரும் டிசைனில் அழகாக இருக்கும். 3 செ.மீ. பறவையில் சகதிதான் மிஞ்சும். உடல் நீலம், இறகு பச்சை, முடிந்தது.

மார்ச் 5, காலை 8.00

இறகில் நூல் அறுவது தனிக் கதை. நீங்கள் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கலவை நிறத்தை ஆட்டோ பட்டன் ஏழெட்டுப் பட்டைகளாக வெட்டி ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியிருக்கிறது. இறகு நுனி ஊசிமுனையாகக் கூம்புகிறது. அந்த நுனியில் தையல் நீளம் 0.5 மி.மீ.க்கும் கீழே போய்விட்டது, சில இடங்களில் ஊசி ஏறக்குறைய அதே ஓட்டையில்தான் திரும்பத் திரும்ப இறங்குகிறது. ஏற்கெனவே நூல் நிரம்பிய இடத்தில் மறுபடி குத்தினால் நூல் தேயும், பிரியும், அறும்.

நுனியை மழுக்குங்கள். 1 மி.மீ. அகலத்தில் முடிந்தால் போதும், துணியில் அது கூராகத்தான் தெரியும். பிறகு சின்னத் தையல்களை நீக்கும் வசதி பெரும்பாலான சாஃப்ட்வேரில் இருக்கும், அதை ஒருமுறை ஓட்டுங்கள்.

மார்ச் 5, மாலை 5.35

சாட்டின் எங்கே, ஃபில் எங்கே என்று கேட்டவருக்கு. சுருக்கமாகத்தான் சொல்வேன், இது எல்லா இடத்திலும் இருக்கிறது. 1 மி.மீ. முதல் 7 மி.மீ. வரை அகலமுள்ள பட்டைக்குச் சாட்டின், ஓரத்திலிருந்து ஓரத்துக்கு ஒரே தாவலில் போகும் தையல். அதற்கு மேல் போனால் தையல் தொங்கும், மோதிரத்திலும் பொத்தானிலும் மாட்டி இழுபடும். அகலமான இடத்துக்கு ஃபில், வரிசை வரிசையாக நிரப்பும் தையல். கோட்டுக்கு ரன்னிங், ஒற்றை வரிசை ஓட்டம்.

திசையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக. நூல் பளபளக்கும், அதனால் கோணம் மாறினால் ஒரே நிறம் இரண்டு நிறமாகத் தெரியும். பறவையின் இரண்டு இறகையும் ஒரே பச்சையில் போட்டு, ஒன்றுக்கு 45 டிகிரி, மற்றதற்கு 135 டிகிரி கொடுங்கள். நடுவில் கோடே வேண்டாம், வெளிச்சம் பிரித்துக் காட்டிவிடும். நீங்கள் இழந்ததாக நினைக்கும் நிறக் கலவைக்கு இது ஈடு. சொல்லப்போனால் அச்சில் கிடைக்காத ஒன்று. ஆட்டோவில் இரண்டு இறகும் ஒரே கோணத்தில் கிடக்கின்றன.

மார்ச் 6, காலை 9.10

கருநீலத் துணி வெள்ளை வட்டத்தின் வழியாக எட்டிப் பார்க்கிறது, அடர்த்தியைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 செ.மீ. வட்டத்தின் பரப்பு சுமார் 2,830 சதுர மி.மீ. வரிசைக்கு வரிசை 0.4 மி.மீ. இடைவெளி, தையல் நீளம் 4 மி.மீ. என்றால் ஏறக்குறைய 1,770 தையல். இடைவெளியை 0.3 ஆக்கினால் 2,360. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் நூலை அதே துணிக்குள் திணிக்கிறீர்கள். துணிக்குப் போக இடமில்லை, ஓரத்தில் சுருங்குகிறது. அதன் மேல் பறவையும் வந்து உட்கார்ந்தால் மார்பில் அட்டையைக் குத்தி வைத்த மாதிரி இருக்கும். சட்டை மடங்கும், லோகோ மடங்காது.

துணி எட்டிப் பார்ப்பதற்கு மருந்து அண்டர்லே. மேல் தையலுக்குக் குறுக்கே, அதே வெள்ளை நூலில், 2 மி.மீ. போல நல்ல இடைவெளி விட்டு ஒரு அடித்தளம் ஓட்டுங்கள். துணியின் ரோமமும் இழையும் அதன் அடியில் படியும், மேல் நூல் உள்ளே அமுங்காமல் உயர்ந்து நிற்கும். 0.4-ஐத் தொட வேண்டியிருக்காது.

மார்ச் 6, காலை 9.40

அண்டர்லேயைப் பற்றி இன்னும் கொஞ்சம், ஏனென்றால் ஆட்டோ ஃபைலில் முதலில் காணாமல் போவது இதுதான், அல்லது தேவையில்லாத இடத்தில் இருப்பதும் இதுதான்.

அதன் முதல் வேலை நிறத்தை மறைப்பதல்ல. துணியையும் பின்னால் உள்ள பேப்பரையும் ஒன்றோடொன்று தைத்துப் பிடிப்பது. மேல் தையல் இழுக்கத் தொடங்கும் முன் துணி பேப்பரோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். வட்டத்துக்கு ஓரத்திலிருந்து அரை மி.மீ. உள்ளே தள்ளி ஒரு ரன்னிங் சுற்று, பிறகு குறுக்கே ஃபில். ஓரச் சுற்று இருந்தால் விளிம்பு அறுத்த மாதிரி வரும். எழுத்துக்கு, அகலம் 2 மி.மீ.க்குக் கீழே என்றால் நடுவில் ஒற்றை ஓட்டம் போதும். அகலமான சாட்டினுக்கு ஓரச் சுற்றும் ஜிக்ஜாகும். பொடி எழுத்தின் அடியில் ஜிக்ஜாக் போட்டு நெரித்துவிடாதீர்கள். அங்கே இடமே இல்லை.

மார்ச் 6, இரவு 11.00

மேலே 0.4 என்று சொன்னதை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது 40 எண் நூலுக்கு. 60 எண் நூலை மாட்டினால் அதே ஃபைலில் வரிசைகளுக்கு நடுவே துணி தெரியும், நெருக்க வேண்டும். குறுகலான சாட்டினில் கொஞ்சம் தளர்த்தலாம், ஏனென்றால் அங்கே தையல் குட்டை, ஊசி ஓட்டைகள் நெருக்கம். கூர்மையான வளைவின் உட்பக்கத்திலும் ஓட்டைகள் குவியும். அங்கே ஒன்றுவிட்டு ஒன்று தையலைக் குட்டையாக்கி நிறுத்தச் சொல்லும் வசதியைப் போட்டுவிடுங்கள்.

யோசித்தால் எல்லா எண்ணும் இப்படித்தான். தொடங்குவதற்கு ஒரு எண், பிறகு துணி சொல்வதைக் கேட்க வேண்டும்.

மார்ச் 7, காலை 6.55

“டிசைன் செய்ய எத்தனை மணி நேரம் ஆகும்?” என்று ஒருவர். வாடிக்கையாளர் ‘சின்ன லோகோதானே’ என்று சொல்லியிருந்தால் இரண்டு மடங்கு.

மார்ச் 7, மாலை 7.20

பெயர் தமிழில் இருக்கிறது என்று இப்போதுதான் சொல்கிறீர்கள்! 5 மி.மீ. கணக்கை மறந்துவிடுங்கள். தமிழ் எழுத்தை உயரத்தால் அளக்கக் கூடாது. அதில் உள்ள மிகச் சின்னச் சுழியால் அளக்க வேண்டும்.

ப, ட இரண்டும் சாட்டினுக்கென்றே பிறந்தவை. நேர்க்கோடு, செங்கோணம், மூலையில் தையலை 45 டிகிரியில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. தொல்லை ண, ஞ, ஐ, இ மாதிரி எழுத்துகளில். ண-வில் சுழி, அதை ஒட்டி வளைவு, மறுபடி வளைவு. சுழிக்குள் தெரிய வேண்டிய ஓட்டை 1 மி.மீ.யாவது மிஞ்ச வேண்டும், சுற்றிலும் சாட்டின் 1 மி.மீ. இந்தக் கணக்கில் எழுத்து 8 மி.மீ. உயரத்துக்கு வந்துவிடும். அதற்கு இடமில்லையென்றால் சுழியைத் திரையில் வேண்டுமென்றே பெரிதாக ஊதி வரைந்துகொள்ளுங்கள். தைத்த பிறகு இழுத்துக்கொண்டு அளவோடு நிற்கும்.

புள்ளி இன்னொன்று. குட்டி வட்டமாக ஃபில் போட்டால் முடிச்சு விழுந்த மாதிரி இருக்கும். 1.2 மி.மீ. அகலத்தில் நாலைந்து சாட்டின் தையல், கீழே எழுத்தின் தலையிலிருந்து 1 மி.மீ. தள்ளி. புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே நூலை வெட்டச் சொல்ல வேண்டாம். எழுத்து முடிகிற இடத்தைப் புள்ளிக்கு அருகில் கொண்டுவந்தால் தாண்டும் நூல் 1 மி.மீ.தான், கண்ணில் படாது.

எழுத்துகளை சாஃப்ட்வேரில் நேராகத் தட்டச்சு செய்வதிலும் வம்பு உண்டு. கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், புள்ளி பக்கத்தில் தனியாக வந்து உட்காரும். இங்க்ஸ்கேப் என்ற வரையும் சாஃப்ட்வேரில் தட்டச்சு செய்து, கோட்டு வடிவமாக மாற்றி, அதை எடுத்துக்கொண்டு போய் மேலே ஒவ்வொரு எழுத்தாகச் சாட்டின் போடுவதுதான் நிம்மதி.

மார்ச் 8, பகல் 12.30

ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் விலகிப் போகிறேன். பட்டன் இருக்கும்போது கையால் ஏன் என்ற கேள்விக்கு வயது அதிகம். 1828இல் பிரான்சின் மூலூஸ் நகரத்து ஜோசுவே ஹைல்மான் பல ஊசிகள் ஒரே நேரத்தில் தைக்கும் மெஷினைச் செய்தார். ஓட்டுகிறவர் ஒரு கையால் பெரிய வரைபடத்தின் மேல் முள்ளை நகர்த்துவார், மெஷினில் துணிச் சட்டம் அதற்கேற்பச் சிறிய அளவில் நகரும். 1863இல் சுவிட்சர்லாந்தின் இசாக் க்ரோப்லி, ஊசியோடு ஷட்டிலும் ஓடித் தைக்கும் ஷிஃப்லி மெஷினைக் கொண்டுவந்தார். 1898இல் அவருடைய மகன் வரைபடத்தின் இடத்தில் ஓட்டை போட்ட அட்டையை வைத்தார். அதன் பிறகு மெஷின் பக்கம் ஆள் குறைந்தது.

ஆனால் அந்த அட்டையில் எங்கே ஓட்டை விழ வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்தே ஆக வேண்டியிருந்தது. லோகோவை ஆறு மடங்கு பெரிதாக வரைந்து அதன் மேல் ஒவ்வொரு தையலாகக் குறிப்பார்கள். இழுப்பு எவ்வளவு, எந்தப் பக்கம் என்று மனக்கணக்கில் சேர்த்துக்கொண்டே போவார்கள். வெகுகாலம் கழித்துக் கணினி வந்தது, அட்டை போனது, அந்த முடிவு மட்டும் அப்படியே இருக்கிறது. இன்றைக்கும் நாம் பஞ்சிங் என்றுதான் சொல்கிறோம்.

சரி, லோகோவுக்கு வருவோம்.

மார்ச் 9, காலை 10.45

இரண்டாவது சாம்பிள் படம் பார்த்தேன். வட்டம் வட்டமாகிவிட்டது. பறவை பறவையாக இருக்கிறது, நல்ல முன்னேற்றம். கறுப்புக் கோடு இன்னும் விலகி நிற்கிறது. இடது மேல்பக்கம் வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே கருநீலம் ஒரு நகக்கீறல் அளவுக்குத் தெரிகிறது.

மூன்று விஷயம் கலந்திருக்கிறது. கோடு ஒற்றை ரன்னிங்காக இருக்கிறது. அது வட்டத்தின் விளிம்பிலேயே, ஒட்டினாற்போல் ஓடுகிறது. அதுவும் எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் வருகிறது. இதற்குள் பறவையும் பெயரும் துணியை இழுத்து முடித்துவிட்டன.

கோட்டை 1.5 மி.மீ. சாட்டினாக மாற்றுங்கள். அதில் பாதி வெள்ளையின் மேல் ஏறி உட்காரட்டும். வட்டம் முடிந்ததும் உடனே கறுப்பு, அதன் பிறகு பறவை. நிறம் மாற்றுவது ஒன்று கூடினாலும் பரவாயில்லை. பறவைக்கு அடியில் உள்ள வெள்ளைத் தையலையும் ஃபைலில் வெட்டி எடுங்கள், முழுக்க அல்ல. பறவையின் ஓரத்திலிருந்து ஒன்றரை மி.மீ. உள்ளே வரை வெள்ளை இருக்கட்டும். அந்த ஒன்றரை இல்லையென்றால் இதே கீறல் பறவையைச் சுற்றி வரும்.

துணி சுருக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பின்னால் என்ன பேப்பர்?

மார்ச் 9, மாலை 4.10

கிழிக்கிற பேப்பர். நினைத்தேன்.

டி-ஷர்ட்டுக்கு வெட்டுகிற பேப்பர்தான். கிழிக்கிற பேப்பர் ஊசி குத்தக் குத்த ஓட்டை விழுந்து பாதியிலேயே கைவிட்டுவிடும். அது இழுபடாத நெசவுத் துணிக்கு மட்டும் போதும். வெட்டுகிற பேப்பர் சட்டையோடு கடைசிவரை இருக்கும், துவைத்த பிறகும் லோகோவைப் பிடித்து வைத்திருக்கும். சுற்றிலும் ஒரு செ.மீ. விட்டுக் கத்தரியுங்கள்.

ஃப்ரேமில் மாட்டும்போது பேப்பர் விறைப்பாக இருக்கட்டும், சட்டையை இழுக்காதீர்கள். இழுத்து மாட்டினால் தைக்கும்போது தகடு மாதிரி இருக்கும், கழற்றியதும் துணி பழைய அளவுக்குத் திரும்பும், தையல் திரும்பாது. அந்த வித்தியாசம்தான் சுருக்கம். இதை எந்த ஃபைலாலும் சரி செய்ய முடியாது. ஊசியும் முனை உருண்ட பந்துமுனை ஊசியாக இருக்கட்டும், அளவு 75/11. கூர்முனை பின்னல் இழையை அறுத்துவிடும், துவைக்கத் துவைக்க ஓட்டை பெரிதாகும்.

மார்ச் 10, காலை 8.25

சாம்பிளைத் திருப்பிப் போட்டு ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். டிசைனைக் குறை சொல்லும் முன் நான் எப்போதும் பார்ப்பது பின்பக்கம். சாட்டின் எழுத்தின் முதுகில் நடுவில் மூன்றில் ஒரு பங்கு, கீழிருந்து வரும் வெள்ளை பாபின் நூல், இரண்டு ஓரமும் மேல் நூலின் நிறம். இப்படி இருந்தால் டென்ஷன், அதாவது நூலின் இறுக்கம், சரி. உங்களுடையதில் வெள்ளையே தெரியவில்லை, முழுக்க மேல் நூல்தான். மேல் நூல் தளர்ந்து கிடக்கிறது, அல்லது பாபின் இறுக்கம். எழுத்தின் ஓரம் புழு ஊர்ந்த மாதிரி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம், ஃபைல் மட்டுமல்ல. முன்பு மெஷினைப் பழி சொல்லாதீர்கள் என்றேன். இந்த ஓர விஷயத்தில் மட்டும் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 11, இரவு 9.50

இதே ஃபைலைத் தொப்பிக்கும் துண்டுக்கும் பயன்படுத்தலாமா என்ற கேள்வி வரும் என்று தெரியும். வந்துவிட்டது.

தொப்பி வளைந்திருக்கிறது, நடுவில் தடித்த தையல் வேறு. அங்கே கீழிருந்து மேலாக, நடுவிலிருந்து ஓரமாகத் தைக்க வேண்டும், துணியைத் தேய்த்துக்கொண்டே வெளியே தள்ளுவது போல. உங்கள் ஃபைல் பெயரை இடமிருந்து வலமாக எழுதிக்கொண்டு போகிறது. தொப்பியில் போட்டால் கடைசி எழுத்து வரும்போது துணி அலையாகக் குவிந்து நிற்கும். வரிசையை மாற்றித் தனி ஃபைல் வேண்டும்.

துண்டில் நூல் வளையங்களுக்குள் எழுத்து மூழ்கும். மேலே தண்ணீரில் கரையும் படலம் வைத்துத் தைக்க வேண்டும், அண்டர்லேயைக் கூட்ட வேண்டும், பொடி எழுத்தை மறக்க வேண்டும். துண்டுக்கு வட்டமும் பறவையும் மட்டும் போதும்.

அளவை மாற்றுவதும் இதே மாதிரிதான். டிஎஸ்டியை மெஷினிலேயே 10 சதவீதம் வரை கூட்டிக் குறைத்தால் தாங்கும். அதற்கு மேல் குறைத்தால் அதே எண்ணிக்கைத் தையல் சின்ன இடத்தில் நெரிசலாகும், கூட்டினால் பல்லிளிக்கும். சாஃப்ட்வேரில் வரைந்த மூல ஃபைலைத் திறந்து அளவை மாற்றினால் சாஃப்ட்வேர் தையலைப் புதிதாகக் கணக்கிடும். அப்போதும் எழுத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

மார்ச் 12, காலை 7.45

ஆட்டோ பட்டனை ரொம்பத் திட்டிவிட்டேனோ என்று தோன்றியது. பெரிய, தட்டையான, ஓரிரண்டு நிறம் உள்ள வடிவம், கோடுகளால் வரைந்த, ஓரம் சுத்தமான வெக்டர் படம், இழுபடாத துணி என்றால் ஆட்டோ தருவதை எடுத்துக்கொண்டு கோணத்தையும் அண்டர்லேயையும் திருத்தினால் போதும். நானே அப்படிச் செய்வதுண்டு. வாட்ஸப்பில் வந்த மங்கலான படத்தைப் போட்டால்தான் அது ஒவ்வொரு மங்கலையும் ஒரு நிறமாக எண்ணி ஆட ஆரம்பிக்கும். படம் மங்கலாக இருந்தால் முதலில் அதன் மேல் சுத்தமாக வரைந்துகொள்ளுங்கள்.

கற்றுக்கொள்ள இங்க்ஸ்டிட்ச் போதுமா என்றும் கேட்டிருந்தார்கள். இலவசம், இங்க்ஸ்கேப்புக்குள் ஓடும், டிஎஸ்டி, பிஇஎஸ், ஜெஇஎஃப் என்று மெஷின் ஃபைல் வடிவங்கள் எல்லாம் எழுதும். சாட்டினில் இரண்டு பக்கக் கோட்டையும் நீங்களே வரைந்து திசையைக் காட்ட வேண்டும். பொறுமை வேண்டும், ஆனால் தையல் எங்கே எப்படிப் போகிறது என்று கைக்குப் பிடிபட்டுவிடும். வில்காம் போன்ற தொழில்முறை சாஃப்ட்வேர்களில் வேகம் அதிகம், துணியைத் தேர்ந்தெடுத்தால் எண்களை அதுவே ஓரளவு மாற்றும். நாளுக்குப் பத்து லோகோ வந்தால் அதற்குப் போங்கள்.

மார்ச் 14, மாலை 6.00

மூன்றாவது சாம்பிள் படம் வந்தது. சட்டைகளை ஓட்டலாம். ஒரே ஒரு இடம்: பெயரில் இரண்டாவது எழுத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நூல் வெட்டு வருகிறது. மூன்றாவதன் தொடக்கப் புள்ளியை இடது கீழே மாற்றினால் வெட்டு தேவைப்படாது. ஒவ்வொரு வெட்டுக்கும் மெஷின் வேகம் குறைத்து, நின்று, வெட்டி, மறுபடி கட்டித் தொடங்குகிறது. ஒரு சட்டையில் சில நொடிதான், ஐம்பது சட்டையில் தெரியும். வெட்டு குறைந்தால் பின்னால் தொங்கும் நூல் வாலும் குறையும்.

அப்புறம் ஃபைல் அனுப்பும்போது டிஎஸ்டியை மட்டும் அனுப்பாதீர்கள், அதில் நிறம் கிடையாது என்று சொன்னேன் அல்லவா. நூல் எண்களை வரிசைப்படி ஒரு தாளில் எழுதி, தைத்த சாம்பிளின் படத்தோடு சேர்த்து அனுப்புங்கள். மூல ஃபைலைத் தனியாக வையுங்கள். பெயரில் அகலமும் துணியும் இருக்கட்டும், ‘லோகோ கடைசி புதுசு 2’ என்று வைக்காமல்.